பத்து மணிக்கு ரெண்டு

சிஸ்டர் எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வாங்க, உட்காருங்க, பாருங்க. ஆனா யாரையும் எதுவும் கேட்காதீங்க. கேட்டா உங்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. என்கிட்டச் சொல்ல வந்தது உள்ளேயே நின்னுரும்."

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு முழுக்க அந்தத் தலையாட்டல்தான் என் பேச்சு.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வெள்ளை ஆம்னி கிளம்பியது. மதுரையிலிருந்து தேனி போகும் சாலை. வலது கைப்பக்கம் நாகமலை கூடவே வந்தது. வண்டியின் பின்சீட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு இரும்பு அலமாரியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்குள் பஞ்சு, காஸ், சலைன் பாட்டில், கையுறை, மூத்திரக் குழாய், மூத்திரப் பை, மூக்கு வழியாகக் கஞ்சி இறக்கும் குழாய், புழு வைத்த புண்ணுக்கு டர்பன்டைன். காற்றுப் படுக்கை ஒன்று கயிறு கட்டிக் கிடந்தது. பூட்டுப் போட்ட சின்ன டப்பா மட்டும் சிஸ்டரின் மடியில். மார்ஃபின் மாத்திரை. அதற்கென்று தனி நோட்டு. ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு.

ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மனைவி மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் குழுவின் கவனிப்பில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் அடங்கினார். காரியம் முடிந்த மறுவாரம் வந்து, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்" என்று நின்றாராம். சம்பளம் வாங்குவதில்லை.

நோய்த்தணிப்பு சிகிச்சை, வலிதணிப்பு மருத்துவம், ஹாஸ்பைஸ் என்று ஏட்டில் இந்தக் கவனிப்புக்குப் பல பெயர்கள். நான் போன வீடுகளில் ஒரே பெயர்தான் புழங்கியது. ‘சிஸ்டர் வர்ற நாளு.’

முதல் வீடு செக்கானூரணி தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில். ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம், கட்டிலில் ஒரு பாட்டி. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் ஆள் போகிற பக்கமெல்லாம் கூடவே போகிறது. மருமகள் பாட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைக் காட்டினாள். மூன்று மாதத்துக்கு முன் உள்ளங்கை அகலம் இருந்த படுக்கைப்புண், இப்போது ஐந்து ரூபாய்க் காசளவு. ஓரத்தில் புதுத்தோல் ஏறியிருக்கிறது. சிஸ்டர் குனிந்து பார்த்தார், சுற்றி விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"யாரு இப்படிப் பார்த்துக்கிட்டது?"

மருமகள் வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து நீட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம். ராத்திரிக்கும் உண்டு. வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம், மறுபடி மல்லாக்க.

இந்த வீட்டுக்கு அரசு வண்டியிலும் ஒரு செவிலியர் வருகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வாசல் தேடி மாத்திரை வரும் என்பதுதான் பலர் மனதில் பதிந்தது. படுக்கையோடு கிடப்பவர்களுக்கு வலிதணிப்பும் இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்திலேயே இருக்கின்றன. இரண்டு செவிலியரும் ஒரே நோட்டில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுத்தான் பாட்டியைத் தொடுகிறார். அந்த நோட்டு பாட்டியின் தலைமாட்டில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் கிழவி உள்ளே கேட்கும்படியாகவே சொன்னார். "இன்னும் எம்புட்டு நாளைக்கு இவ இப்பிடியே கெடக்கிறது? எண்ணெய வச்சுக் குளுப்பாட்டி விட்டா அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

மருமகளின் கை அப்படியே நின்றது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ‘தலைக்கூத்தல்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்வதென்றால், படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் வழக்கம். தேசிய விருது வாங்கிய ‘பாரம்’ படம் அதைப் பற்றியதுதான். படம் பார்த்து நானும் பதறினேன். ஆனால் அந்த வீடுகளில் ஆளைப் புரட்டிப் போட இன்னும் இரண்டு கை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் திண்ணைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் யோசித்தேன்.

சிஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. "ஆத்தா, இங்கிட்டு வாங்க. இந்தத் தோளப் பிடிங்க" என்று கூப்பிட்டார். கிழவி எழுந்து வந்து பிடித்தார். மூன்று பேருமாகப் புரட்டினார்கள். பாட்டியின் கண், தோளைப் பிடித்தவரின் முகத்திலேயே நின்றது. கிழவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஆனால் கையை எடுக்கவில்லை.

இரண்டாவது வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டுநர் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு முன்ன வந்திருந்தீங்கன்னா தெருமுக்குலயே தெரிஞ்சிருக்கும்."

எது தெரிந்திருக்கும் என்பது உள்ளே போனதும் விளங்கியது. கட்டிலில் இருந்தவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வெற்றிலையும் புகையிலையும் இடது கன்னத்தில் அடக்கியே தூக்கத்தை விரட்டியவர். அந்தக் கன்னத்தில் புற்று. அறுவை ஆயிற்று, கரண்டு வைத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. "இனிமே செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை அவர் மனைவி மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் ‘ஒண்ணுமில்ல’ என்ற இடத்தில் கையை விரித்தார்.

செய்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அடுத்த ஒன்றேகால் மணி நேரம் பார்த்தேன்.

சுவரில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே சுண்ணாம்பு வெளுக்காத ஒரு சதுரம். கண்ணாடி இருந்த இடம். யார் கழற்றியது என்று சிஸ்டர் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முதலில் கேட்டது, "அய்யா, வெளிக்குப் போனீங்களா?" அவர் ஒரு விரலைக் காட்டினார். நேற்று ஒருமுறை. சிஸ்டர் நிம்மதியானதை முகத்தில் பார்த்தேன். மார்ஃபின் சாப்பிடுகிற ஏறக்குறைய எல்லோருக்கும் மலம் கட்டிவிடும். கூடவே பேதி மாத்திரையும் எழுதாத மருத்துவர், வலியைப் போக்கி வேறொரு வேதனையைக் கொடுத்து அனுப்புகிறார். கவனிப்பின் தரம் இந்த மாதிரிக் கேள்வியில்தான் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு கேள்வியில்.

அடுத்து, "வலி எத்தனை?" பத்து விரலில் கணக்கு. அவர் இரண்டைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, இருட்டு என்பதுபோல் கண்ணை மூடி, ஏழு விரலை விரித்தார்.

"ராத்திரி ஏழா? எத்தனை மணிக்கு?"

பதிலைப் பேத்தி சொன்னாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறாள். காலை ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து, ராத்திரி ரெண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரிக்குறி. ராத்திரி ரெண்டு மணிக் கட்டங்களில் மட்டும் சரிக்குறி கோணலாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் போட்டவை. "ஒண்ணரைக்கே முழிச்சிர்றாங்க சிஸ்டர். மாத்திரை நேரம் வர்ற வரைக்கும் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க."

அவள் பாட்டிக்கு எழுத்து தெரியாது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக இறக்குவது பாட்டி. மணி பார்த்துச் சொல்வதும் எழுதுவதும் பேத்தி. அந்த நோட்டை நான் வாங்கிப் புரட்டினேன். அதற்கும் நிபந்தனையில் இடமிருந்தது. என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒன்பது நாளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வலி எத்தனை விரல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வலி வந்த பிறகு கொடுக்காதே, வருவதற்கு முன் மணி பார்த்துக் கொடு என்கிற முறையை ஊன்றச் செய்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு மருத்துவம் படித்தவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் தொடங்கினார். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், பணம், கடவுள் எல்லாம் சேர்ந்து நோகிறது என்று சொன்னவரும் அவரே. அவர் காட்டிய கடிகாரம் செக்கானூரணிப் பக்கத்து வீட்டில் ஸ்கேல் கோடுகளாக இருந்தது.

சிஸ்டர் நோட்டை வாங்கி, ராத்திரி ரெண்டு மணி என்ற கட்டம் முழுவதையும் மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தார். பத்து மணிக் கட்டத்தில் ‘2’ என்று எழுதி வட்டம் போட்டார். "இன்னைலருந்து பத்து மணிக்கு மட்டும் ரெண்டு மாத்திரை. ரெண்டு மணிக்கு வேண்டாம். டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். காலைல ஆறுக்கு வழக்கம்போல ஒண்ணு." பேத்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கட்டுப் பிரித்தல். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. சிஸ்டர் இழுக்கவில்லை. சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஊறட்டும். இழுத்தா ரத்தம் வரும்." நல்ல கவனிப்புக்கு இடையில் இப்படி எதுவும் செய்யாத பத்து நிமிஷம் இருக்கிறது. அவசரக்காரர்களிடம் அது இருப்பதில்லை. துணி தானாக விட்டுக்கொடுத்ததும் மெல்ல எடுத்தார். கன்னத்தில் ஒரு குழி. உள்ளே பல் வரிசை தெரிந்தது. கழுவினார், ஒற்றினார். காகிதத்தில் பொடித்து வைத்திருந்த மெட்ரோனிடசோல் மாத்திரையை, கோலப்பொடி தூவுவதுபோல இரண்டு விரலால் தூவினார். புண்ணில் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அந்த மலிவான மாத்திரை அடக்கிவிடும். புண் ஆறாது. ஆனால் நாற்றம் போகும்.

அவர் மனைவி அப்போதுதான் சொன்னார்: "நாலு மாசமா இவரு பக்கத்துல உட்காந்து ஒரு வாய் சோறு நான் தின்னதில்ல சிஸ்டர். தட்ட எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயிருவேன். அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு. போன வாரத்திலருந்து இங்கனயே உட்காந்து திங்கிறேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை கிடந்தது.

திருப்பூரிலிருந்து மகன் போனில் வந்தான். ஸ்பீக்கரில் போட்டார்கள். "சிஸ்டர், அது போதை மருந்துங்கிறாங்களே. பழகிருமாமே. அப்பாவுக்கு எதும் ஆயிராதே?" இந்தப் பயத்துக்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்துகிறது. அந்த நாட்டிலேயே, 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் உரிமக் கெடுபிடிக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டன. 2014 திருத்தம் அதைத் தளர்த்தியது. ஆனால் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிப் பழகாமலே போயிருந்தார்கள். அந்தத் தலைமுறையின் நோயாளிகள் எப்படி இறந்திருப்பார்கள் என்று நினைக்க நெஞ்சு கனக்கிறது.

சிஸ்டர் சட்டம் எதுவும் பேசவில்லை. "தம்பி, ஒரு வேலை பண்ணு. இப்ப வீடியோவுல வா. அப்பா முகத்தப் பாரு" என்றார். வந்தான். அய்யா புதுக்கட்டோடு கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பின்னணியில் தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

வண்டியில் சிஸ்டர் கொண்டுவந்த புளிச்சோற்றை மூன்று பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அவர் கோழிக்கோட்டில் பயிற்சி எடுத்தவர். 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து அங்கே வலிதணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்துப் பக்கம் ஊர்க்காரர்களே குழு சேர்ந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. "அங்க தெருவுக்குத் தெரு ஆளு இருக்கும். டீக்கடைக்காரர், வாத்தியார், ஆட்டோக்காரர். நர்ஸு போறதுக்கு முன்னாடியே அவங்க போய் உட்கார்ந்திருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். எங்களுக்கு அந்தத் தெரு ஆட்கள் எப்போது வருவார்கள் என்ற ஏக்கம் அந்தப் பேச்சில் இருந்தது.

மூன்றாவது வீடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குடியிருப்பு. மாடியில் இரண்டாவது தளம். இங்கே எல்லாம் இருந்தது: திருகினால் தலைப்பக்கம் எழும் கட்டில், ஆக்சிஜன் மிஷின், ஏசி. கட்டிலில் ஓய்வுபெற்ற ஆசிரியை. மார்பில் தொடங்கிய புற்று எலும்பிலும் ஈரலிலும் ஏறிவிட்டது. மகள் வங்கி வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பணம் கட்டி ஒரு வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தில் ஆள் எடுத்திருக்கிறார்கள். பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. வருகிறவர்கள் பாவம், வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள். நாலு நாள் கழித்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "அம்மாவோட கதைய இதுவரைக்கும் பதினோரு பேருக்குச் சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றாள் மகள். "இடது கையத் தூக்காதீங்க, எலும்பு உடைஞ்சிருக்குன்னு பதினோரு தடவ. பன்னெண்டாவது ஆளு வந்தன்னிக்கு நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். சொல்ல முடியல. அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுத் தூக்கிட்டா. அம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு." ஞாயிற்றுக்கிழமை அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், திங்கட்கிழமை காலையில் கூப்பிடச் சொல்லும் பதிவுக் குரல்.

விலை உயர்ந்த அந்தக் கட்டிலையும் முந்தைய வீட்டு மணைப்பலகையையும் மனம் மாறி மாறிப் பார்த்தது. இந்தப் பெண்ணுக்குக் குறைந்தது பணமோ பொருளோ அன்போ இல்லை. போன வாரம் வந்தவரே இந்த வாரமும் வர வேண்டும்; அம்மாவின் இடது கையை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சிஸ்டர் ஒரு அட்டையைக் கேட்டு வாங்கினார். சிவப்பு ஸ்கெட்ச்சில் ‘இடது கையைத் தொடாதீர்கள்’ என்று எழுதிக் கட்டிலின் இடது கம்பியில் கட்டினார். டீச்சர் கண் திறந்து அதைப் படித்தார். "ஒற்று சரியாப் போட்டிருக்கீங்க" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தோம். அவரும்.

வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது மகள் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தாள். மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி கதவுக்கு வெளியேதான் வருமாம்.

"இன்னும் எத்தனை நாள்?"

"நாள் எனக்குத் தெரியாதும்மா. என்னென்ன வரும்னு தெரியும். சொல்லட்டுமா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். சிஸ்டரும் ஒரு படி கீழே உட்கார்ந்தார். சாப்பாடு இன்னும் குறையும். வற்புறுத்த வேண்டாம், உடம்பு கேட்கவில்லை என்று அர்த்தம். தூக்கம் கூடும். ஒருநாள் மூச்சு மாறும். வேகமாக வாங்கும், பிறகு நிற்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். நமக்குத்தான் அது பயமாக இருக்கும், அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஊசி ஒன்று இருக்கிறது, வந்து போடுகிறேன். கால் குளிரும். காது கடைசிவரை கேட்கும் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும், அதனால் பேசிக்கொண்டே இருங்கள்.

மகள் கைபேசியில் தட்டிக்கொண்டே வந்தாள். தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பெரியம்மாவெல்லாம் வருவாங்க. பால் ஊத்தணும்பாங்க. ஊத்தலாமா?"

"விழுங்க முடியாதப்ப ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிரும். பஞ்சுல தொட்டு உதட்டுல வைங்க. எல்லாரும் வைக்கட்டும். யாருக்கும் மனக்குறை இருக்காது."

படியில் உட்கார்ந்து இவ்வளவும் சொல்ல இருபது நிமிஷம் ஆனது. அந்த வீட்டில் இவ்வளவு மாதமாக எத்தனையோ ஸ்கேன் படம் எடுத்திருக்கிறார்கள், எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். இந்த இருபது நிமிஷம் யாரிடமும் இல்லாமல் போயிருக்கிறது. மகள் எழுந்தபோது அழுதிருந்தாள். ஆனால் வந்தபோது இருந்த முகம் இப்போது இல்லை. ஏதோ பரீட்சைக்குப் பாடம் இதுதான் என்று தெரிந்துகொண்ட பிள்ளையின் முகம்.

கடைசி வீட்டில் நோயாளி இல்லை.

மாலை ஐந்தரை. முன்னறையில் படத்துக்கு மாலை, அகல் விளக்கு. பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இரவல் கொடுத்த காற்றுப் படுக்கையை வாங்கவும், மிச்ச மாத்திரையை எண்ணி வாங்கவும், சும்மா உட்கார்ந்திருக்கவும் சிஸ்டர் வந்திருந்தார். மகனுக்கு முப்பது வயது இருக்கும். டீக்கடை வைத்திருக்கிறான். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றான்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்க சிஸ்டர். குறை சொல்லல. ஆனா அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு ஏழு தடவ அடிச்சேன்."

சிஸ்டர் டீயைக் கீழே வைத்தார்.

"தொண்டைல ஒரு சத்தம். அத்தையெல்லாம் கத்துறாங்க. சித்தப்பா, நீயெல்லாம் ஒரு மகனா, பாத்துக்கிட்டே நிக்கிறங்கிறாரு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில வாய்க்குள்ள குழாயச் சொருகினாங்க. விடியக்காலம் நாலு மணிக்கு, வராண்டால, ஸ்ட்ரெச்சர்லயே முடிஞ்சுபோச்சு." சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். "அப்பா என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வீட்டுலருந்து போகணும்னு. அத என்னால செய்ய முடியல."

"போன்ல சார்ஜ் போயிருச்சு தம்பி. வேற ஒரு வீட்டுல இருந்தேன். விடிஞ்சப்புறந்தான் பாத்தேன். அது என் தப்பு." அதற்கு மேல் அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருந்தது. ராத்திரிப் போனுக்கு அவர் ஒருத்தர்தான். அன்றைக்கு அவர் இருந்த வீட்டிலும் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது.

உள்ளிருந்து அம்மா வந்தார். கையில் பழைய பிஸ்கட் டப்பா. தரையில் உட்கார்ந்து, மாத்திரை அட்டைகளைப் பரப்பி, சிஸ்டரோடு சேர்ந்து எண்ணினார். இருபத்தாறு. நோட்டில் எழுதிக் கைநாட்டு வைத்தார். கட்டைவிரலில் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கடைசி ஒரு மாசம் வலிங்கிற சத்தமே இந்த வீட்டுல இல்ல. அது உன்னாலதான். அந்த ராத்திரியும் உன்னாலதான்."

சிஸ்டர் தலையசைத்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. விளக்கில் எண்ணெய் குறைந்து திரி ஒருமுறை படபடத்தது. மகன் போய் எண்ணெய் விட்டான். நாங்கள் கிளம்பும்போது காற்றுப் படுக்கையை அவனே தோளில் தூக்கிவந்து வண்டியில் வைத்தான்.

அந்த மாத்திரையும் கட்டும் படுக்கையும் செய்த நன்மையெல்லாம் உண்மை. ஆனால் பகல் முழுக்கக் கிடைத்த நல்ல கவனிப்பை ஒரு குடும்பம் கடைசியில் ராத்திரி பன்னிரண்டு மணியை வைத்துத்தான் எடை போடுகிறது. அந்தப் பன்னிரண்டு மணியை ஒரே பெண்ணின் தூக்கத்தின் மேலும் ஒரே கைபேசியின் மேலும் நாம் ஏற்றி வைத்திருக்கிறோம். இதைக் கேட்க அவருக்கு நேரமில்லை, கோபமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது ஆள் வேண்டும், இரண்டாவது போன் வேண்டும், மாற்றுச் செவிலிக்குச் சம்பளம் வேண்டும். இவை ஒன்றும் பெரிய செலவில்லை.

வண்டியில் ஏறியதும் சிஸ்டர் முதல் வேலையாகக் கைபேசியைச் சார்ஜில் போட்டார். ஒயர் சரியாகச் சேராமல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எரிந்து நிற்கும்வரை கையால் பிடித்துக்கொண்டே வந்தார். ஓட்டுநர் ரேடியோவை அணைத்தார். நாகமலை இருட்டில் கரைந்து கொண்டிருந்தது.

ஏழு மணி சுமாருக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், நான்தான். தாத்தாவுக்கு ஆறு மணி மாத்திரை குடுத்தாச்சு. டிக் பண்ணிட்டேன். பத்து மணிக்கு ரெண்டுதானே?"

"ரெண்டுதான் சாமி. ராத்திரி பத்துக்கு மட்டும் ரெண்டு. எங்க, நீ திருப்பிச் சொல்லு."

"பத்து மணிக்கு ரெண்டு. காலைல ஆறுக்கு ஒண்ணு." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "அப்ப, ரெண்டு மணிக்கு எந்திரிக்க வேண்டாமா?"

"வேண்டாம். நீயும் தூங்கு."